தொடக்கத் தேதி, முடிவுத் தேதி: திரையில் முதலில் பார்க்க வேண்டிய இரண்டு கட்டங்கள்

அரசு இணையதளம் ஒன்றை உங்க திறன்பேசியில் திறக்கிறீங்க. ஒரு எண் வருகிறது, ஒரு பட்டியல் வருகிறது, இல்லைன்னா ‘விவரம் எதுவும் இல்லை’ என்று ஒரே ஒரு வரி வருகிறது. பார்த்ததும் அதை நம்பி அடுத்த வேலையைத் தொடங்கிடுவோம். ஆனால் அந்த எண்ணும் பட்டியலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு.

ஒரு அறிக்கையைத் திறந்தவுடனே, நாம எதையும் தேர்ந்தெடுக்காமலே ஒரு கால அளவு அதில் தானாக அமைந்திருக்கும். ‘கடந்த 28 நாள்’, ‘நடப்பு மாதம்’, ‘நடப்பு நிதியாண்டு’ இப்படி ஏதாவது ஒன்று. தகவல் தொழில்நுட்பத் துறையில் இதை ‘டீஃபால்ட் டேட் ஃபில்டர்’ என்பார்கள். தமிழில் முன்னிருப்புத் தேதி வரம்பு. அந்த அறிக்கையைத் தயாரித்தவர், தனக்கு அல்லது தன் அலுவலகத்துக்கு எது வசதியோ அதை அங்கே வைத்திருப்பார். அதில் தவறில்லை. உங்க தேவைக்கு அது பொருந்துமா என்பதைத்தான் நீங்க பார்க்கணும்.

தேதி வரம்பு பொருந்தவில்லை என்றால் என்ன ஆகும்? சில இடங்களில் பெரிதாக ஒன்றும் ஆகாது. சில இடங்களில் ஆயுள் சேமிப்பே போய்விடும். அப்படிப்பட்ட இடத்திலிருந்தே தொடங்குவோம்.

மனை வாங்கும்போது: வில்லங்கச் சான்று

மதுரையிலிருந்து தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டை பக்கம் போனால், வீட்டுமனை விற்பனைப் பலகைகளைப் பார்க்காமல் வர முடியாது. காமராசர் பல்கலைக்கழகம் பக்கத்தில், நெடுஞ்சாலை வசதி, நகரத்துக்கு வெளியே காற்றோட்டமான இடம். ஓய்வுபெற்ற பணத்தையோ நகைக்கடனையோ வைத்து இங்கே மனை வாங்க நினைப்பவர்கள் நிறைய பேர். விற்பவர் கையில் ஒரு வில்லங்கச் சான்று இருக்கும். ‘பாருங்க, வில்லங்கம் எதுவும் இல்லை’ என்று காட்டுவார். அந்தச் சான்றில் நீங்க முதலில் படிக்க வேண்டியது மேலே உள்ள கால அளவைத்தான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 2001-ல் ஒரு தந்தை தன் நிலத்தில் பாதியை மகளுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்கிறார். 2016-ல் மகன், முழு நிலமும் தன்னுடையது என்று சொல்லி மனைகளாகப் பிரித்து விற்கிறார். 2015-லிருந்து இன்று வரை என்று தேதி கொடுத்து எடுத்த சான்றில் மகன் எழுதிய கிரயங்கள் மட்டும்தான் தெரியும். 2001-ல் மகளுக்கு எழுதியது அதில் வராது. சான்றில் உள்ளது எதுவும் பொய் இல்லை, கேட்ட காலத்துக்குச் சரியான பதில்தான். கேட்ட காலம்தான் போதாது.

எப்படிப் பார்ப்பது?

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளம் 2018 பிப்ரவரியில் புது வடிவில் வந்தது. வில்லங்க விவரத்தை அதில் பார்வையிடக் கட்டணம் இல்லை. சான்றிட்ட நகல் வேண்டும் என்றால் மட்டும் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்த வேண்டும்.

1. மின்னணு சேவைகள் பகுதியில் வில்லங்கச் சான்று பார்வையிடும் வசதிக்குப் போங்க.

2. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றைத் தேர்வு செய்யுங்க. உங்க கிராமம் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று தெரியாவிட்டால், கிராமப் பெயரை வைத்துத் தேடிக்கொள்ளலாம்.

3. கிராமப் பெயரைப் பத்திரத்தில் இருப்பதுபோலவே தேர்வு செய்யுங்க. அஞ்சல் முகவரியில் நாகமலை புதுக்கோட்டை என்று இருக்கலாம். மனை இருக்கும் வருவாய் கிராமத்தின் பெயர் வேறாக இருக்கலாம்.

4. தொடக்க நாள், முடிவு நாள் கட்டங்களை நிரப்புங்க. விற்பவர் கொடுத்த சான்றில் உள்ள தேதிகளை அப்படியே போடாதீங்க. முடிந்த அளவு பின்னால் போங்க.

5. புல எண், உட்பிரிவு எண் கொடுத்துத் தேடுங்க.

எவ்வளவு பின்னால் போகணும்?

வழக்கறிஞர்களும் வங்கிகளும் பொதுவாக 30 ஆண்டு விவரத்தைக் கேட்பார்கள். இந்த 30 எங்கிருந்து வந்தது? 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் இதற்கான காரணம் இருக்கிறது. அடமானம் வைத்தவர் தன் சொத்தை மீட்க வழக்குப் போட அந்தச் சட்டம் தரும் காலம் 30 ஆண்டு. அரசு தொடுக்கும் வழக்குகளுக்கும் பொதுவாக 30 ஆண்டு. ஆக, 20 ஆண்டுக்கு முன்னால் நடந்த ஒரு விஷயத்தை வைத்துக்கூட இன்றைக்கு ஒருவர் நீதிமன்றம் போக முடியும். 10 ஆண்டுச் சான்று அதைக் காட்டாது.

பல அலுவலகங்களுக்கு 1975 வரையிலான விவரங்கள் இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. அலுவலகத்துக்கு அலுவலகம் இந்தத் தொடக்க ஆண்டு மாறும். கணினியில் ஏறாத காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துத்தான் தேட வேண்டும். இணையத்தில் பழைய பதிவு ஒன்றும் வரவில்லை என்றால், ‘அந்தக் காலத்தில் ஒன்றும் நடக்கவில்லை’ என்று முடிவுக்கு வந்திடாதீங்க. அந்தக் காலத்து விவரம் இணையத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்க.

ஒரு பத்திரத்துக்கு மூன்று தேதிகள்

தொடக்கத் தேதியைப் போலவே முடிவுத் தேதியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வில்லங்கச் சான்றில் ஒவ்வொரு பதிவுக்கும் எழுதிக்கொடுத்த நாள், தாக்கல் செய்த நாள், பதிவான நாள் என்று மூன்று தேதிகள் இருக்கும். பல நேரம் மூன்றும் ஒரே நாளாக இருக்கும். எப்போதும் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

1908-ம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 23-வது பிரிவு, பத்திரத்தை எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம் என்கிறது. 47-வது பிரிவு, பதிவான பத்திரம் பதிவு நாளிலிருந்து இல்லை, எழுதிக்கொடுத்த நாளிலிருந்தே செல்லும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்க. ஒருவர் ஜனவரி 10-ம் தேதி ஒரு மனையை இன்னொருவருக்கு எழிக்கொடுத்து, அந்தப் பத்திரம் இன்னும் தாக்கல் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 1-ம் தேதி நீங்க சான்று எடுத்தால் அது தெரியாது. மார்ச் 5-ம் தேதி நீங்க வாங்கிப் பதிவும் செய்திடுறீங்க. ஏப்ரலில் அந்த முதல் பத்திரம் பதிவுக்கு வந்தால், அது ஜனவரி 10-லிருந்தே செல்லுபடியாகும். பிறகு உங்களுக்கு வழக்குதான்.

இதைத் தேதிக் கட்டங்களை மட்டும் வைத்துத் தடுக்க முடியாது. ஆனால் ஆபத்தைக் குறைக்கலாம். மூலப் பத்திரத்தின் அசலை விற்பவர் கையில் நேரில் பாருங்க. நகலை மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்க. அக்கம்பக்கத்தில் விசாரிங்க. முன்பணம் கொடுத்தபோது எடுத்த சான்றோடு நிறுத்தாமல், பதிவு செய்யப்போகும் அன்றைக்குக் காலையில் முடிவு நாளை மாற்றி மறுபடி ஒரு தடவை பாருங்க. உங்க பத்திரம் பதிவாகி நான்கு மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்து வைப்பதும் நல்லது.

தேதி சரியாக இருந்தும் விடுபடுவது

30 ஆண்டு கொடுத்தாலும் சில விஷயங்கள் விடுபடலாம். 45/2 என்று இருந்த நிலம் மனைகளான பிறகு 45/2ஏ, 45/2பி என்று பிரிந்திருக்கலாம். 45/2ஏ என்று மட்டும் தேடினால் பிரிவினைக்கு முந்தைய பதிவுகள் வராமல் போகலாம். அதனால் பழைய எண்ணையும் கொடுத்துத் தனியாகத் தேடுங்க. உங்க கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால் அங்கேயும் பார்க்கணும். பதிவு செய்யப்படாத உயில், வாய்மொழி ஒப்பந்தம், நிலுவையில் உள்ள வழக்கு போன்றவை வில்லங்கச் சான்றில் வராமல் போகலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது வருவாய்த்துறை விவரம், அதைத் தனியாகப் பார்க்கணும்.

ஒரே வீட்டில் நான்கு ஆண்டுகள்

அடுத்த கேள்வி: ‘ஒரு வருஷம்’ என்றால் எந்த ஒரு வருஷம்? நாட்காட்டியில் ஜனவரி 1-ல் பிறக்கும் ஆண்டு ஒன்றுதான். ஆனால் நம்ம வீட்டு அலமாரியில் உள்ள காகிதங்களை எடுத்துப் பார்த்தால் வேறு வேறு ஆண்டுகள் இருக்கும்.

நிதியாண்டு: ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வருமான வரி, வருங்கால வைப்பு நிதிக் கணக்குப் புத்தகம், அரசுத் திட்டச் செலவு அறிக்கைகள் இதன்படி இருக்கும். ஏப்ரல் மாதம் ஒரு திட்டத்தின் நடப்பு ஆண்டு விவரத்தைத் திறந்தால் எண்கள் மிகச் சிறியதாக இருக்கும். திட்டம் நின்றுபோகவில்லை, ஆண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. முந்தைய நிதியாண்டைத் தேர்வு செய்து பாருங்க.

பசலி ஆண்டு: ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. நிலத்தீர்வை ரசீது, அடங்கல், ஜமாபந்தி எல்லாம் பசலிக் கணக்கில்தான். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. 2025-ல் பயிர் வைத்தேன் என்று சொன்னால், அது பசலி 1434-லும் இருக்கலாம், 1435-லும் இருக்கலாம். மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்க.

அரையாண்டு: சொத்துவரி ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ‘நிலுவை இல்லை’ என்று வந்தால் எந்த அரையாண்டு வரைக்கும் என்று பாருங்க.

இரண்டு மாதம்: வீட்டு மின்கட்டணக் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. வெளியூரில் மாதாமாதம் கணக்கெடுக்கும் உறவினரின் யூனிட்டோடு உங்க யூனிட்டை அப்படியே ஒப்பிட்டால், நீங்க இரண்டு மடங்கு செலவழிப்பதாகத்தான் தெரியும்.

மழைக்கும் இப்படித்தான். தென்மேற்குப் பருவமழைக் கணக்கு ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை. வடகிழக்குப் பருவமழைக் கணக்கு அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை. மதுரைச் சமவெளிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். நவம்பரில் ‘இயல்பைவிடக் குறைவு’ என்று ஒரு செய்தி வந்தால், அது ஜூன் மாதத்திலிருந்து கணக்கிட்டதா, அக்டோபரிலிருந்து கணக்கிட்டதா என்று பார்த்தால்தான் கண்மாய் நிலவரத்தோடு பொருந்தும்.

நீங்களே அறிக்கை தயாரிப்பவரா?

இப்போது மகளிர் சுயஉதவிக் குழு, குடியிருப்போர் சங்கம், சிறிய கடை என்று பலரும் கணக்கை இணைய அறிக்கையாக வைத்திருக்காங்க. அறிக்கையைப் பார்ப்பவருக்கு எந்தத் தேதி முதலில் தெரியணும் என்பதை அப்போது நீங்கதான் முடிவு செய்யறீங்க. சில விஷயங்களைக் கவனியுங்க.

நிலையான தேதியா, நகரும் தேதியா? ‘01-04-2025 முதல்’ என்று எழுதி வைத்தால் அடுத்த ஆண்டும் அது அங்கேயே நிற்கும். ‘நடப்பு நிதியாண்டு’, ‘கடந்த 3 மாதம்’ என்று வைத்தால் நாள் நகர நகர அதுவும் நகரும். தினமும் பார்க்கும் அறிக்கைக்கு நகரும் தேதி நல்லது. தணிக்கைக்கு, கூட்டத் தீர்மானத்துக்குக் கொடுக்கும் அறிக்கைக்கு நிலையான தேதிதான் சரி. இல்லைன்னா கூட்டத்தில் காட்டிய எண் ஒரு வாரம் கழித்து மாறியிருக்கும்.

முடியாத நாளைச் சேர்க்காதீங்க. இன்றைய விற்பனை பாதி நாள்தான் ஆகியிருக்கும். அதை நேற்றைய முழு நாளோடு வைத்தால் வியாபாரம் சரிந்ததுபோல் தெரியும். 10-ம் தேதி வரையிலான இந்த மாதத்தைப் போன மாதம் முழுவதோடு ஒப்பிடுவதும் இதே கதைதான். போன மாதத்திலும் 10-ம் தேதி வரைக்கும் எடுத்து ஒப்பிடுங்க.

செயலி வைத்திருக்கும் அளவைத் தெரிந்துகொள்ளுங்க. கூகுளின் லுக்கர் ஸ்டுடியோவில் தானியங்கி அமைப்பு, இன்றைய நாளைத் தவிர்த்து கடந்த 28 நாள். 28 நாள் என்றால் சரியாக நான்கு வாரம், எந்தக் கிழமையும் கூடவோ குறையவோ வராது. வாராவாரம் ஒரே மாதிரி நடக்கும் வேலைக்கு அது பொருந்தும். மதுரையில் பூ வியாபாரம் செய்பவருக்கு ஜனவரி 14-ம் தேதி அந்த 28 நாளைப் பார்த்தால் கிட்டத்தட்ட முழுவதும் மார்கழியாக இருக்கும். மல்லிகை வரத்தும் குறைவு, கல்யாண முகூர்த்தமும் இல்லை. அதை வைத்துத் தை மாதத்துக்குத் திட்டம் போட முடியாது.

‘போன வருஷம் இதே மாதம்’ என்பதும் எப்போதும் சரியாக வராது. கள்ளழகர் வைகையில் இறங்கியது 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12. மதுரையில் கடை வைத்திருப்பவர் ஏப்ரலை ஏப்ரலோடு ஒப்பிட்டால் 2025-ல் விற்பனை விழுந்தது போலவும், மே மாதம் திடீரென எகிறியது போலவும் தெரியும். சித்திரைத் திருவிழாவை ஒட்டிய நாட்களைத் தனியாக எடுத்து, திருவிழா வாரத்தைத் திருவிழா வாரத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

‘இன்று’ எப்போது தொடங்குகிறது? மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ செயலியில் ‘இன்று’, ‘கடந்த 7 நாள்’ போன்ற நகரும் தேதிகள் உலகப் பொது நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. நம்ம நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆக, அதிகாலை 5.30 மணி வரைக்கும் அதில் ‘இன்று’ என்பது நமக்கு நேற்று. விடியும் முன்பே விற்பனை தொடங்கிவிடும் மாட்டுத்தாவணி வியாபாரி 5 மணிக்குத் திறந்து பார்த்தால், அன்றைய விற்பனை அதில் இருக்காது. கணக்கு தொலையவில்லை, நேரம் ஆகவில்லை.

தேதியை எழுதும் முறை. 04/05/2025 என்பது நமக்கு மே 4. அமெரிக்க முறையில் அது ஏப்ரல் 5. செயலியின் நாடு, மொழி அமைப்பை இந்தியா என்று வைத்துக்கொள்ளுங்க. சந்தேகமே வேண்டாம் என்றால் மாதத்தை எழுத்தில் போடுங்க.

கடைசியாக, அறிக்கையின் தலைப்புக்குக் கீழே ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது தேதிக் கட்டம் வெட்டுப்பட்டுப் போய்விடும், எண் மட்டும் ஊரெல்லாம் சுற்றும்.

எந்தத் திரையிலும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை?
2. அந்தத் தேதியை நான் தேர்ந்தெடுத்தேனா, தானாக வந்ததா?
3. ‘ஆண்டு’ என்றால் எந்த ஆண்டு: நிதியாண்டா, பசலியா, நாட்காட்டி ஆண்டா?
4. எந்த நிகழ்வின் தேதி: எழுதிய நாளா, பதிவான நாளா, பணம் வந்த நாளா?
5. ‘இல்லை’ என்று வந்தால், நடக்கவில்லை என்று பொருளா, அந்தக் காலத்து விவரம் இங்கே ஏறவில்லை என்று பொருளா?

இதெல்லாம் தனியாகச் செய்யச் சிரமமாக இருந்தால் பக்கத்து இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம். அரசுச் சேவை தொடர்பான குறைகளுக்கு முதலமைச்சரின் உதவி மையம் 1100-ஐ அழைக்கலாம். எங்கே கேட்டாலும் ‘வில்லங்கம் பார்த்துக் கொடுங்க’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இந்தத் தேதியிலிருந்து இன்று வரைக்கும் பார்த்துக் கொடுங்க’ என்று கேளுங்க. மனை வாங்கும் எண்ணம் இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன்பே இன்றைக்கு இரவு ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, தொடக்க நாளை 30 ஆண்டு பின்னால் நகர்த்திப் பார்த்துவிடுங்க.